நாலு தம்ளருக்கு ஒரு தம்ளர்

பெர்னதெத்துக்குச் சாணி பிடிக்காது என்று சொன்னால் அது ரொம்பக் குறைத்துச் சொன்னதாகும். சாணியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் ஊரில் நிறையப் பேர். பெர்னதெத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நாக்கின் அடியில் எச்சில் ஊறும். வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி வந்து சேர்ந்த வீட்டின் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு மாடுகள் கட்டியிருந்தார்கள்.

விவேக் நகரில், குழந்தை இயேசு கோயிலிலிருந்து நாலு சந்து தள்ளி, முத்தம்மாவின் காம்பவுண்டு. முன்னால் வரிசையாக மூன்று வாடகை வீடுகள், பின்னால் மாட்டுக் கொட்டகை. நடு வீட்டில் பெர்னதெத்தும் அவள் புருஷன் யூஜினும் இருந்தார்கள். யூஜின் லேத் பட்டறையில் வேலை செய்தான். அவள் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கராக இருந்து, பிரசவத்துக்காக நின்றவள்.

அந்த வீட்டில் சோற்றைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பினால் ஈ உட்கார்ந்திருக்கும். துவைத்த புடவையை மடிக்கும்போது கோமிய வாடை எழும். மழை நாளில் சுவரே வியர்க்கும். அந்த வியர்வைக்கும் வாடை உண்டு. "சோத்துல உப்பில்லாட்டியும் தின்னுடுவேன். இந்த நாத்தத்த எத்தன நாளைக்குத் தின்றது?" என்று முதல் மாதமே கேட்டாள்.

"தண்ணி வருதில்ல?" என்பான் யூஜின். அதோடு பேச்சு நின்றுவிடும்.

தொண்ணூற்றேழில் அந்தப் பக்கம் கார்ப்பரேஷன் குழாய் மூன்று நாளைக்கு ஒருமுறை இருமும்; அவ்வளவுதான். முத்தம்மாவின் காம்பவுண்டில் மட்டும் போர்வெல் தண்ணீர், ராத்திரி பகல் எந்நேரமும். கண்ணாடி மாதிரித் தண்ணீர். வாடை கிடையாது, நிறம் கிடையாது, குடித்தால் இனிக்கிற மாதிரிகூட இருக்கும். கொட்டகையை அவ்வளவு வெறுத்த பெர்னதெத் அந்தத் தண்ணீரை மட்டும் ஒரு குறையும் சொன்னதில்லை.

குழந்தை பிறந்தது. பெண். மௌரீன் என்று பெயர் வைத்தார்கள். ஆறாவது வாரத்தில் பெர்னதெத்துக்கு மார்பில் கட்டி வந்து, கீறிச் சீழ் எடுத்ததில் பால் நின்றுபோனது. முத்தம்மா ஒரு சொம்பு பாலோடு வந்து வாசலில் நின்றாள்.

"கன்னு போட்டு பத்து நாள்தான் ஆவுது, சக்கத்தா இருக்கும். புள்ளைக்கு குடும்மே."

அந்தப் பாலைக் கறந்த கையைப் பெர்னதெத் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சையாக ஒரு கோடு. "டாக்டர் டின் பால்தான் குடுக்கச் சொன்னாருக்கா," என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் டின் வாங்கி வந்தான் யூஜின்.

டின் பாலுக்குத் தண்ணீர் வேண்டும். அங்கேதான் பெர்னதெத் தன் அருவருப்பை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு ஈ, இவ்வளவு புழு இருக்கும்போது சும்மா கொதிக்க வைத்தால் போதுமா? அவள் பிறந்த ஆம்பூர்ப் பக்கத்தில் கைக்குழந்தைக்குத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுவார்கள். ஒரு சிட்டிகை ஓமம் போட்டு, இரண்டு தம்ளர் ஒரு தம்ளர் ஆகும்வரை அடுப்பில் வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஆறவைப்பார்கள். சுண்டச் சுண்டத் தண்ணீர் சுத்தமாகிறது என்று நம்பிக்கை. அதில் முக்கால்வாசி சரிதான். கொதிக்கிற தண்ணீரில் கிருமி சாகும், பத்து நிமிடம்கூட வேண்டாம். மீதிக் கால்வாசிதான் அவள் குழந்தையை எமன் வாசல்வரை கொண்டுபோனது.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், பால் குடித்து முடித்த குழந்தையின் உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறம் தெரிந்தது. நாவல்பழம் தின்ற வாயைச் சரியாகத் துடைக்காவிட்டால் இருக்குமே, அந்த மாதிரி. பெர்னதெத் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. நகங்களும் அப்படியே இருந்தன. குழந்தை அழவில்லை, அழச் சோம்பல்பட்டதுபோலக் கிடந்தது.

தெருமுனை கிளினிக்கில் சளி என்றார்கள். "மாட்டுக் கொட்டாய் பக்கத்துலயா இருக்கீங்க? தண்ணிய நல்லா காய்ச்சிக் குடுங்கம்மா," என்றார் அந்த டாக்டர். நல்லா என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. பெர்னதெத் அன்றிலிருந்து நாலு தம்ளரை ஒரு தம்ளராக்கினாள். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்வது பற்றி யூஜின் முனகியபோது, "உன் புள்ள வயித்துல புழு வந்தா பரவாயில்லயா?" என்று கேட்டு வாயை அடைத்தாள்.

நாலாம் நாள் குழந்தை கருநீலமாகிவிட்டது. ஆட்டோவில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நிமோனியாவாக இருக்கலாம் என்று ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இரண்டாம் நாளே நிறம் திரும்பியது. நாலாம் நாள் கால்களை உதைத்துக்கொண்டு, ரோஜா நிறத்தில் வீட்டுக்கு வந்தது மௌரீன். பெர்னதெத் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அடுப்பில் நாலு தம்ளர் தண்ணீரை வைத்தாள்.

இரண்டே நாள். மறுபடியும் அதே நீலம்.

இந்தமுறை குழந்தையைப் பார்த்தவர் சேஷகிரி என்ற டாக்டர். ஐம்பது வயதிருக்கும். கன்னடம் கலந்த தமிழ். அவர் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுத்தார். பெர்னதெத் எட்டிப் பார்த்தாள். ரத்தம் சிவப்பாக இல்லை. காப்பி டிகாக்ஷன் சிந்திய மாதிரி, பழுப்பாக இருந்தது. டாக்டர் அதைக் காற்றில் விசிறினார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பழுப்பு பழுப்பாகவே இருந்தது.

"நோடிம்மா, சாதாரண நீலமா இருந்தா இப்ப காத்து பட்டு செவப்பா ஆகணும். ரத்தத்துல இருக்கற இரும்புதான் காத்தை சுமக்கற கூலி ஆளு. இந்தக் குழந்தைல அந்த ஆளோட கையை யாரோ கட்டிட்டாங்க. மூச்சு வாங்குது, நுரையீரல் சுத்தமா இருக்கு, ஆனா காத்து உள்ள போய்ச் சேரல." அவர் ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே இங்க் போலக் கருநீல மருந்து. நீலமான குழந்தைக்கு நீல மருந்தா என்று யூஜின் மிரண்டான். "இதுதான் கட்ட அவுக்கும்," என்று சொல்லி டாக்டர் மெதுவாக நரம்பில் ஏற்றினார்.

அரை மணி நேரத்தில் உதடு சிவந்தது. பெர்னதெத் அதைத் தன் கண்ணால் பார்த்தாள். சாயம் போகிற துணியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். சாயம் திரும்பி ஏறுகிற துணியை அன்றுதான் பார்த்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்க," என்று டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "போன தடவ இங்க நாலு நாள் இருந்தப்ப நல்லா ஆச்சு. வீட்டுக்குப் போனா கெட்டுது. வீட்டுல இருக்கறது, இங்க இல்லாதது என்ன?"

கார்மெண்ட்ஸில் ஒரு சட்டையில் தையல் விட்டிருந்தால் செக்கர் சட்டையைத் திட்டமாட்டாள். எந்த மிஷினிலிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவாள். பெர்னதெத் அப்படியே போனாள். டின் அதே டின். புட்டி அதே புட்டி. கலக்கியதும் அதே கைதான்.

"தண்ணி," என்றாள். உடனே, "ஆனா நான் நல்லா காய்ச்சுவேன் டாக்டர். நாலு தம்ளர ஒரு தம்ளரா சுண்ட வப்பேன்."

டாக்டர் ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "அம்மா, ரசத்த அடுப்புல மறந்துட்டா என்ன ஆகும்?"

"சுண்டிடும். உப்புக் கரிக்கும்."

"உப்பு ஏன் ஜாஸ்தி ஆச்சு? நீங்க போடலியே."

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருப்பது எதுவோ அது பாத்திரத்திலேயே உட்கார்ந்து கெட்டியாகிக்கொண்டே போகும். தினமும் ரசம் வைக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரியும். ரசத்தில் தெரிந்தது பிள்ளையின் தண்ணீரில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

யூஜின் வீட்டுக்குப் போய் இரண்டு புட்டிகளில் தண்ணீர் கொண்டுவந்தான். ஒன்று குழாயில் பிடித்தது, ஒன்று அவள் சுண்ட வைத்து மூடியிருந்த பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. மறுநாள் பரிசோதனைச் சீட்டு வந்தது. நைட்ரேட் என்கிற உப்பு ஒரு லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதாம். குழாய்த் தண்ணீரில் நூற்றுத் தொண்ணூறு. அவள் காய்ச்சியதில் எழுநூற்று நாற்பது.

"பெரியவங்க வயித்துல புளிப்பு ஜாஸ்தி, தாங்கிக்கும்," என்று டாக்டர் விளக்கினார். "கைக்குழந்தை வயித்துல புளிப்பு கம்மி. அங்க இருக்கற கிருமி இந்த உப்ப வேற ஒண்ணா மாத்திடும். அதுதான் போய் ரத்தத்தோட கையக் கட்டுது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது. இவ்வளவு உப்பு சும்மா வராது. வீட்டுப் பக்கத்துல என்ன இருக்கு?"

"மாட்டுக் கொட்டாய்," என்றான் யூஜின்.

பெர்னதெத்தின் நாக்கடியில் எச்சில் ஊறியது.

அன்று சாயங்காலம் குழந்தைக்கு மாற்றுத்துணி எடுக்க அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள். சரியாகக் கொட்டகை கழுவும் நேரம். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

முத்தம்மா ஹோஸ் பைப்போடு நின்றிருந்தாள். சாணியை முதலிலேயே வாரிக் கூடையில் போட்டாயிற்று. அது வாரம் ஒருமுறை அத்திபெலேயிலிருந்து வரும் எரு லாரிக்கு. மிச்சம், கோமியமும் கரைந்த சாணியும் கழுவின தண்ணீரும், பச்சையும் மஞ்சளுமாகச் சிமெண்ட் கால்வாயில் ஓடியது. ஒரு மாடு நாளைக்குப் பத்து லிட்டர் கோமியம் விடும் என்று வைத்துக்கொண்டால் இருபத்திரண்டு மாட்டுக்கு ஒரு டிரம். கழுவுகிற தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு.

பெர்னதெத் திரும்பித் தெருச் சாக்கடையைப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரும் வேப்பஞ்சருகும்.

தினம் இரண்டு வேளை இவ்வளவு ஓடுகிறது. தெருவுக்கு ஒரு சொட்டு வரவில்லை. அப்படியானால் எங்கே போகிறது?

"அக்கா, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?"

முத்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்வி அது. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல ஹோஸைக் கீழே போட்டாள்.

"வாம்மே, காட்டறேன். முன்னாடி தெருவுலதான் வுட்டுட்டு இருந்தோம். கார்ப்பரேஷன்காரன் வந்து நோட்டீஸ் ஒட்டிட்டான், ஜனங்க மூக்கப் பொத்திக்கினு போவுதுன்னு. எனுக்கு ரோசம் வந்துட்ச்சு. அன்னியிலேர்ந்து எட்டு வருஷம், ஒரு சொட்டு தெருவுக்கு வுட்டதில்ல. இந்த ஏரியாவுல என் கொட்டாய் மாதிரி நீட்டா எவன் வச்சிருக்கான், சொல்லு?"

கால்வாய் கொட்டகையைச் சுற்றிப் பின்னால் போய், தரையில் பதித்த ஒரு கடப்பைக் கல்லின் அடியில் நுழைந்து மறைந்தது. கல்லில் ஒரு கொக்கி. முத்தம்மா குனிந்து கொக்கியைப் பிடித்து ஒரே இழுப்பில் கல்லை நகர்த்தினாள்.

பழைய கிணறு. போர்வெல்கள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியதும் வற்றிப்போன கிணறு. முதலில் வாடை வந்தது. அது மூக்கில் ஏறவில்லை, கண்ணில் குத்தியது. வெங்காயம் அரிந்ததுபோலத் தண்ணீர் கொட்டியது. பிறகு கண் பழகியது. பத்தடிக்குக் கீழே கருப்பாக, ஆடை படிந்த பாயசம்போல ஒரு பரப்பு. அந்த ஆடை அசைந்துகொண்டிருந்தது. கொதிக்கிறதோ என்று நினைத்தாள். அத்தனையும் புழு. எலிவால் மாதிரி நீண்ட வால் வைத்த வெள்ளைப் புழுக்கள், வாலை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று புரண்டன. சுவரின் கல் இடுக்குகளில் கரப்பான் பூச்சிகள் வெளிச்சம் பட்டதும் கலைந்தன. நடுவில் ஒரு குமிழி ஊதி, பெருத்து, உடைந்தது.

"எட்டு வருஷமா ஊத்தறேன். ரொம்பவேயில்ல பாரு," என்றாள் முத்தம்மா, பெருமையாக. "பூமாதேவி அப்படியே குடிச்சுக்கறா."

பெர்னதெத் தலையைத் திருப்பினாள். கிணற்றிலிருந்து பதினைந்தடி தள்ளி, ஒரு சின்னச் சிமெண்ட் மேடையில், போர் மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

பூமி குடிக்கத்தான் செய்தது. நாற்றத்தையும் நிறத்தையும் புழுவையும் மண் வடிகட்டிப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் கோமியத்தில் இருப்பது வயலுக்குப் போடுகிற யூரியாதான். மண்ணிலிருக்கும் கிருமிகள் அதைத் தின்று நைட்ரேட்டாக்கிவிடும். அந்த உப்பை மண்ணால் பிடித்துவைக்க முடியாது. அது தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு பாறை வெடிப்புக்குள் இறங்கும். அங்கே மோட்டார் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. இந்தக் கிணறும் அந்தக் குழாயும் ஒரே வயிற்றின் இரண்டு வாய்கள். இத்தனை நாள் கண்ணாடி மாதிரி என்று பாராட்டிக் குடித்தது, குளித்தது, குழந்தைக்குக் கொடுத்தது எல்லாம் இதன் வடிகட்டிய சாறு.

பெர்னதெத் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளிக்க முத்தம்மா பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் இரண்டாவது தடவை எடுத்தாள்.

"இன்னா ஆச்சு கண்ணு? மறுபடி உண்டாயிட்டியா?"

"அக்கா, புள்ளைக்கு வந்தது இந்தத் தண்ணியாலதான். ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ணிட்டாங்க. இந்தக் கெணத்துல இருக்கறதுதான் போர்ல வருது."

முத்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அந்தக் கெணத்துலயா? இந்தத் தண்ணியப் பாரு, அதப் பாரு. உனுக்குக் கண்ணு தெரியாதா?" சொம்பை அண்ணாந்து, கழுத்து நரம்பு ஏறி இறங்க, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். "முப்பது வருஷமா இந்த மண்ணு தண்ணிதான். எனுக்கு இன்னா ஆயிட்ச்சு? கல்லு மாதிரி இருக்கறேன்."

"பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. கைக்கொழந்தைக்குத்தான்."

"அப்போ உன் புள்ளைக்கு நான் வெஷம் வச்சேன்றியா?"

"நீங்க ஊத்துனீங்க. நான் சுண்ட வச்சேன்."

முத்தம்மா கெட்டவள் அல்ல. அதுதான் பெர்னதெத்துக்கு இன்னும் குமட்டியது. கிணற்றையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முத்தம்மா குரலை இறக்கி, "நாளைக்கே ஒரு மூட்ட பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கொட்டிடறேன். சரியாப் பூடும். புள்ளையக் கூட்டிக்கினு வா," என்றாள்.

பவுடரில் கிருமிதான் சாகும், உப்பு சாகாது என்று சொல்ல வாயெடுத்தாள் பெர்னதெத். வாயில் புளிப்பு. வீட்டுக்குள் போய் மாற்றுத்துணிகளை எடுத்தாள். எடுத்தபிறகு முகர்ந்து பார்த்தாள். அதே தண்ணீரில் துவைத்தவை. கட்டிலின் மேலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் யூஜின் நின்றிருந்தான். "நாளைக்கு டிஸ்சார்ஜ். குடிக்க மட்டும் வெளிய வாங்கிக்கலாம் பெர்னா. வீட்ட மாத்தறதுன்னா லேசா?"

"புட்டிய எதுல கழுவுவ?"

அவன் யோசித்தான்.

"புள்ளையக் குளிப்பாட்டறப்போ வாயைத் தொறந்தா?"

"சரி, சரி. ஒக்கலிபுரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போவோம். அங்க காவேரித் தண்ணி."

வார்டில் மௌரீன் பசியில் அலறிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய அழுகையைப் பெர்னதெத் மூன்று வாரமாகக் கேட்டதில்லை. ஈரத்துணியை அவிழ்த்து ஆஸ்பத்திரித் துணியைக் கட்டினாள். ஈரம் பச்சை கலந்த நீலமாக இருந்தது. நரம்பில் ஏற்றிய மருந்து வேலை முடிந்து வெளியே போகிறது. வேறு எந்த நாளிலும் முகம் சுளித்திருப்பாள். அன்று சுளிக்கவில்லை. உள்ளே போனது வெளியே வந்துவிட்டது என்று கண்ணால் பார்க்க முடிந்தது அது ஒன்றைத்தான்.

நர்ஸ் கலக்கிய பால்புட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். பெர்னதெத் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இது எந்தத் தண்ணி?"

"காவேரிம்மா. குழாய்த் தண்ணி."

"அது எங்கேர்ந்து வருது?"

"காவேரி எங்கேர்ந்து வரும்? காவேரியிலேர்ந்துதான்," என்றாள் நர்ஸ் எரிச்சலோடு. "புள்ள கத்துது, குடுங்க மொதல்ல."

நூறு கிலோமீட்டர் குழாய். பெர்னதெத்தின் மனம் செக்கரின் மனம். நிறுத்தச் சொன்னால் நிற்காது. குழாயோடு பின்னோக்கிப் போனது, தொட்டிக்கு, பம்புக்கு, ஆற்றுக்கு, ஆற்றங்கரை ஊர்களுக்கு. ஒவ்வொரு ஊரிலும் மாடு. ஒவ்வொரு மாட்டுக்கும் நாளைக்குப் பத்து லிட்டர். ஆறு பெரியது, கரைந்துபோகும், சோதித்துத்தான் அனுப்புவார்கள், அந்த டாக்டரே இதைத்தான் கொடுக்கச் சொன்னார். எல்லாம் தெரிந்தும் புட்டியைப் பிடித்த கை குழந்தையின் வாய்வரை போய் நின்றது. நாக்கடியில் எச்சில் ஊறி, அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள்.

குழந்தை தலையை எக்கித் தானே காம்பைக் கவ்விக்கொண்டது.

பெர்னதெத் குழந்தையின் கண்ணைப் பார்க்கவில்லை, பாலைப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் புட்டி. அரைப் புட்டி. விளக்கின் மஞ்சளில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று எழுந்து ஜன்னல் பக்கம் போய், மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்தாள். சிவப்புதான். புட்டி காலியானது. தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்ததும் இறக்கி மறுபடி பார்த்தாள்.

"தூங்கிடுச்சு, படுக்க வைங்க," என்றாள் நர்ஸ்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள் பெர்னதெத். விரல் நுனியால் குழந்தையின் கீழுதட்டை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பார்த்தாள். சிவப்புதான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இழுத்துப் பார்த்தாள்.